கீரிப்பிள்ளை நாயான சரித்திரம்

வேல்ஸ் நாட்டின் வடபகுதி மலைகளுக்கிடையே பெத்கெலெர்ட் என்ற சிற்றூர் ஒன்று இருக்கிறது. ஆற்றங்கரைப் புல்வெளியில், மரநிழலில், வேலியடைத்த சமாதி ஒன்றை அங்கே காட்டுவார்கள். 13ஆம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்ட லெவெலின் என்னும் மன்னன் வேட்டைக்குச் சென்றிருந்த ஒருநாள், அவனுடைய கெலெர்ட் என்ற வேட்டை நாய் தொட்டிலிற் கிடந்த குழந்தையைக் கவ்வ வந்த ஓநாயோடு பொருது அதைக் கொன்றது என்றும், இரத்தம் தோய்ந்த வாயோடு தன்னை எதிர்கொண்டு ஓடிவந்த நாயைக் கண்ட மன்னன், குழந்தையை அது கடித்துக் குதறிவிட்டதென்று பதறி வாளால் குத்தினான் என்றும், கவிழ்ந்த தொட்டிலின் கீழே குழந்தை காயமின்றிக் கிடந்ததென்றும் ஊரார் சொல்லுவர். சமாதிக் கல்லிலும் வேல்ஸ் மொழியில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இந்த விருத்தாந்தமே பொறிக்கப்பட்டிருக்கிறது. பார்க்க வந்தவர்கள் கண்கலங்கித் திரும்புவதும் உண்டு. தமிழர் ஒருவர் அந்த இடத்தில் போய் நின்றால் துக்கத்தினும் வியப்பே மேலிடும். அந்த நாயை அவர் பள்ளிப்பருவத்திலேயே அறிவார், அப்பொழுது அது கீரியாக இருந்தது.

பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதி, ஆராயாமற் காரியம் செய்வதன் தீங்கைப் பற்றியது. ஆற்றங்கரைக்குப் போன பிராமண ஸ்திரீ, அவள் வரும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கணவன், அவனையும் வெளியே இழுத்துவிட்ட தானமோ பிக்ஷையோ ஒன்று, தொட்டிலை நோக்கி ஊர்ந்துவந்த பாம்பு, அதைத் துண்டு துண்டாகக் கடித்தெறிந்த கீரி, பிறகு வாசலில் நிகழ்ந்த கொலை ஆகிய இவ்வளவும் எல்லாப் பாடங்களுக்கும் பொது. கொன்றவர் யார் என்பதில்தான் பாடங்கள் வேறுபடுகின்றன. ஹிதோபதேசத்தில் கணவன் கொல்லுகிறான். ஜைன முனிவரான பூர்ணபத்திரர் 1199-இல் செப்பனிட்ட பாடத்தில், தண்ணீர் எடுத்துத் திரும்பிய மனைவி நிறைகுடத்தை அப்படியே கீரியின்மேல் போட்டுவிடுகிறாள். பின்பு கணவன் வந்ததும், பேராசையால் வீட்டை விட்டுப் போன அவன்மேலேயே பழியைச் சுமத்துகிறாள்.

இந்தப் பாடத்தில் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்றுண்டு. கீரி அந்த வீட்டில் வளர்ப்புப் பிராணி அன்று. தாயற்ற கீரிக்குட்டிக்குத் தன் முலைப்பாலையே ஊட்டி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பெற்ற பிள்ளையோடு இரண்டாம் பிள்ளையாக அவள் அதை வளர்த்தாள். ஆயினும் பிறவிக்குணம் என்றேனும் தலைகாட்டும் என்ற ஐயமும் அவள் மனத்தின் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருந்தது. ஆகவே குடம் விழுந்தபோது செத்தது ஒரு மகன். கொன்றது அன்றைய ஆத்திரம் மட்டுமன்று, நெடுநாளைய அவநம்பிக்கையுங்கூட. கீரியைக் கீரிப்பிள்ளை என்றும் அணிலை அணிற்பிள்ளை என்றும் வாய்நிறைய அழைக்கும் தமிழர்களுக்கு இந்த உறவுமுறையை விளக்கவேண்டியதில்லை. மேற்கே போகப்போக இந்த உறவே முதலில் உதிர்ந்துபோயிற்று.

பஞ்சதந்திரம் பாரசீகம் சென்ற கதை பலரும் அறிந்ததே. 531 முதல் 579 வரை ஆண்ட குஸ்ரு அநுஷிர்வான் என்ற சக்கரவர்த்தியின் அரண்மனை வைத்தியர் பர்ஸோய், சாவா மருந்து தேடி இந்தியாவுக்கு வந்து, மூலிகைக்குப் பதிலாக இந்நூலைக் கொண்டுபோய்ப் பஹ்லவி பாஷையில் பெயர்த்தார் என்பர். அந்தப் பஹ்லவி நூல் மறைந்துவிட்டது. 8ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்னுல் முகஃபா என்னும் பாரசீகர் அதை அரபியில் எழுதிய ‘கலீலா வ திம்னா’ என்ற நூலே பிற்கால மொழிபெயர்ப்புகளுக்கெல்லாம் தாய். அவர் வெறும் மொழிபெயர்ப்பாளராக மட்டும் இருக்கச் சம்மதிக்கவில்லை. சூழ்ச்சியால் எருதைக் கொல்வித்த நரி, வடமொழியில் ஒரு தண்டனையுமின்றி அரசனுக்கு மந்திரியாகவே தொடர்கிறது. அரபியிலோ அதை விசாரணைக்கு நிறுத்தி, சிறையில் மாளவைக்கும் அத்தியாயம் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ராஜதந்திரம் கற்பிக்க வந்த நூலைத் தர்ம நியாயத்துக்குக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்றுப்போலும். நம் கதையில் அவர் செய்த மாறுதல் சிறிது. பிராமணன் துறவியானான், கீரி, அதே இனம்போல் தோன்றும் மரநாய் வகைச் சிறு பிராணி ஒன்றாயிற்று. வீடும் குழந்தையும் பாம்பும் அவசரமும் அப்படியே நின்றன.

இதே கதை வேறொரு தடத்திலும் சென்றது. அது சிந்துபாத் என்னும் ஞானியின் பெயரால் வழங்கும் கதைத்தொகுதி. கடலோடியான சிந்துபாத்தோடு இவரை மயங்கலாகாது. அந்தத் தொகுதியின் அமைப்பு வருமாறு: அரசனுடைய மனைவி ஒருத்தி இளவரசன்மேல் பொய்ப்பழி சுமத்துகிறாள், கிரகநிலை காரணமாக ஏழு நாள் வாய்திறக்கலாகாது என்ற விரதத்தில் இருப்பதால் இளவரசனால் மறுமொழி சொல்ல முடியவில்லை, அரசன் அவனைக் கொல்லும்படி கட்டளையிட்டு விடுகிறான், அப்போது மந்திரிகள் எழுவரும் நாளுக்கு ஒருவராக அரசன் முன்னே வந்து, ஆராயாது செய்து பின் வருந்தியவர்களைப் பற்றிக் கதை சொல்லி, ஒவ்வொரு நாளும் கொலையைத் தள்ளிப்போடுகிறார்கள், எட்டாம் நாள் பிள்ளை பேசுகிறான், உண்மை வெளிப்படுகிறது. மந்திரிகள் சொன்ன கதைகளுள் ஒன்று நம்முடையது. பஞ்சதந்திரத்தில் அரச குமாரர்களுக்குப் பாடமாக இருந்த கதை இங்கே ஓர் உயிரைக் காக்கும் வழக்காக மாறியது. ஒரு சொல்லும் மாறாமல் இருந்திருந்தாலுங்கூட, கேட்பவன் மாறிய அளவிலேயே அதன் பொருள் மாறிவிட்டிருக்கும்.

சிந்துபாத் தொகுதியின் பாரசீக நூலில் கீரி பூனையாயிற்று. ஸ்பெயினில் ஃபத்ரீக் என்ற இளவரசர் 1253-இல் அரபியிலிருந்து காஸ்டிலிய பாஷையில் பெயர்க்கச் செய்த நூலிலோ நாயாயிற்று. அதற்கு இரண்டாண்டு முன் அதே நாட்டில் வெளிப்பட்ட ‘கலீலா’ மொழிபெயர்ப்பிலும் நாய்தான். பாம்பைக் கொல்லும் கீரியை ஐரோப்பியருள் பெரும்பாலோர் கண்டதில்லை என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் அதுவே முழுக்காரணம் என்று நான் கருதவில்லை. கீரியைச் சந்தேகிப்பதற்கு அதன் பிறவியே போதும். நாயைச் சந்தேகிப்பதானால் நம்பிக்கைத்துரோகம் என்ற எண்ணம் முன்னே வந்து நிற்க வேண்டும். பிரபுவுக்கு விசுவாசம் என்பதையே பெரிய தர்மமாகக் கொண்டிருந்த சமூகத்தில், எஜமானுக்காகப் போரிட்டு அவன் கையாலேயே மடிந்த ஊழியனுடைய துன்பமாகக் கதை உருமாறியது இயற்கையே.

‘ரோமாபுரியின் ஏழு ஞானிகள்’ என்ற பெயரோடு ஐரோப்பிய மொழிகளிலெல்லாம் பரவிய அதே சிந்துபாத் தொகுதியில் இந்த உருமாற்றம் முற்றுப்பெற்றது. பிராமணன் வீடு பிரபுவின் கோட்டையாயிற்று. பிக்ஷைக்கும் தானத்துக்கும் அங்கே வேலை இல்லை. பிரபுக்களின் போர்விளையாட்டைக் காணத் தாதியர் குழந்தையை விட்டுப் போய்விடுகிறார்கள். பழைய சுவரின் பொந்திலிருந்து பாம்பு வருகிறது. சண்டையில் தொட்டில் கவிழ்கிறது. திரும்பிவந்த தாதியர் இரத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓலமிட, அவர்கள் சொல்லைச் சீமாட்டி நம்ப, சீமாட்டியின் சொல்லைப் பிரபு நம்பி வாளை உருவுகிறான். வடமொழிக் கதையில் கண்ணால் கண்டது பொய்த்தது. இங்கே காதால் கேட்டது, அதிலும் பெண்கள் வாயால் கேட்டது, பொய்த்தது. அரசியின் பொய்யைக் கேட்டு மகனைக் கொல்ல நின்ற அரசனுக்குச் சொல்லப்படும் கதை அல்லவா? பெண்கள்மேல் குற்றம் ஏற்றுவது அந்தத் தொகுதியின் நோக்கத்துக்கு வேண்டியிருந்தது. உண்மை தெரிந்ததும் பிரபு காலணியையும் நீக்கிவிட்டு, தேசாந்தரம் போய்விடுகிறான்.

பிரான்ஸ் தேசத்தில் நிகழ்ந்ததுதான் எல்லாவற்றிலும் அதிசயம். 13ஆம் நூற்றாண்டின் நடுவில், லியோன் நகருக்கு வடக்கே குளங்கள் நிறைந்த தோம்ப் என்ற பிரதேசத்தில், டொமினிக்க சபைத் துறவியும் சமய விசாரணை அதிகாரியுமான புர்போன் எத்தியேன் என்பவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். பாவசங்கீர்த்தனம் செய்யவந்த பெண்கள் பலர், தங்கள் குழந்தைகளைக் கினெஃபோர் என்ற புனிதரிடம் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். அந்தப் புனிதர் யார் என்று விசாரிக்கப் புகுந்த துறவிக்கு, அவர் ஒரு வேட்டை நாய் என்று தெரியவந்தது! அவ்வூர்ப் பிரபு ஒருவர் குழந்தையைக் காத்த நாயைக் கொன்று, உண்மை உணர்ந்தபின் வருந்தி, கோட்டை வாயிலின் முன்னிருந்த கிணற்றில் அதன் உடலை இட்டு, மேலே கற்களைக் குவித்து, பக்கத்தில் மரங்களை நட்டாராம். பிற்காலத்தில் கோட்டை பாழாயிற்று. குடியானவர்கள் மட்டும், குற்றமின்றிக் குழந்தைக்காக உயிர்விட்ட நாய் குழந்தைகளுக்கெல்லாம் காவலாயிற்று என்று நம்பி, அங்கே வரத்தொடங்கினார்கள்.

அங்கு நடந்த சடங்கை எத்தியேன் வெறுப்போடு, ஆனால் விடாமல் எழுதிவைத்திருக்கிறார். நோஞ்சானாய் மெலிந்த குழந்தையைத் தாய் எடுத்துவருவாள். சடங்கறிந்த கிழவி ஒருத்தி உடன் வருவாள். உப்பும் பிறவும் படைத்து, குழந்தையின் துணிகளைச் சுற்றியிருந்த புதர்களில் தொங்கவிட்டு, மரங்களில் ஆணி அறைவார்கள். பிறகு இரண்டு அடிமரங்களின் இடைவெளி வழியாக, ஒருபுறம் தாயும் மறுபுறம் கிழவியும் நின்று, உடையற்ற குழந்தையை ஒன்பது முறை மாற்றி மாற்றி எறிந்து பிடிப்பார்கள். வனதேவதைகள் தங்கள் நல்ல பிள்ளையை எடுத்துக்கொண்டு தங்களுடைய நோயாளிப் பிள்ளையை வைத்துப்போய்விட்டன என்பது அவர்கள் நம்பிக்கை. மாற்றியதைத் திரும்ப மாற்றித் தரும்படி வேண்டுவார்கள். எரியும் மெழுகுவர்த்திகளின் நடுவே குழந்தையைத் தனியே விட்டு விலகி நிற்பதும், பின்பு ஷாலரோன் ஆற்றின் குளிர்நீரில் ஒன்பது முறை முக்கி எடுப்பதும் உண்டு. மெழுகுவர்த்தி சாய்ந்து எரிந்துபோன குழந்தைகளைப் பற்றியும் அவர் கேள்வியுற்றார். நாயின் எலும்பைத் தோண்டி எடுத்து, மரங்களை வெட்டி, இரண்டையும் சேர்த்துக் கொளுத்தி, இனி அங்கே போகிறவர்களுடைய சொத்து பறிமுதலாகும் என்று அப்பிரதேசத்துப் பிரபுக்களைக் கொண்டு ஆணையிடச் செய்தார்.

ஆணை பலிக்கவில்லை. அறுநூறு ஆண்டுகளுக்குப் பின், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே ஆராயச் சென்றவர்கள், கினெஃபோர் வனம் என்ற பெயரோடு தோப்பு நிலைத்திருப்பதையும், பிள்ளை நோய்க்காக மக்கள் இன்னும் வருவதையும் கண்டார்கள். துணி முடிவதும் தொட்டில் கட்டுவதும் ஆணி அறைவதும் நம்மூர் அரசமரத்தடிக்குப் புதியன அல்ல. அநியாயமாக மாண்டவர் தெய்வமாவதும் நமக்குத் தெரியாததன்று. இவற்றை நாம் ஏற்றுமதி செய்யவில்லை. கதை போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த மண்ணுக்குரிய பழைய நம்பிக்கை ஒன்று ஏற்கனவே தயாராக நின்றுகொண்டிருந்தது. நாய் அதற்கு ஒரு பெயரையும் காரணத்தையும் கொடுத்தது, அவ்வளவே.

இனி வேல்ஸ் நாட்டுச் சமாதிக்கு வருவோம். நாயைக் கொன்றவன்போல வருந்தினான் என்னும் பழமொழி அந்நாட்டில் நெடுங்காலமாக வழங்கியதுண்டு. ஆனால் பெத்கெலெர்ட்டில் நாய்ச் சமாதி என்று ஒன்று முற்காலத்தில் இருந்ததற்குச் சான்று கிடையாது. கெலெர்ட்டின் சமாதி என்றே பொருள்படும் அவ்வூர்ப் பெயருக்குக் காரணமானவர், நாய் அல்லர், பழங்காலத்துச் சமய அடியார் ஒருவர் என்பது அறிஞர் துணிபு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தங்கும் விடுதி நடத்த வந்த டேவிட் பிரிட்சர்ட் என்பவர், மலைவளம் காணவரும் பிரயாணிகளை நிறுத்திவைக்க ஊருக்கு ஒரு கதை தேவை என்பதை நன்றாக உணர்ந்தவர். அவரும் நண்பர் சிலரும் சேர்ந்து இந்தக் கல்லை நட்டார்கள். 1800-இல் ஸ்பென்சர் என்ற ஆங்கிலப் புலவர் அங்கே கேட்டதைப் பாட்டாக எழுத, ஹைடன் என்ற மகா வித்துவான் அதற்கு இசையமைக்க, விடுதிக்காரர் கற்பனை தேசிய சரித்திரமாகிவிட்டது. பாம்பு இங்கே ஓநாயாக மாறியிருப்பது பெரிதன்று; கதை இப்பொழுது யாருக்கும் எதையும் போதிக்கவில்லை என்பதே பெரிது. பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டால் போதும், அடுத்து விடுதிக்குப் போகலாம். ஸ்தல புராணம் எழுதுவித்த நம்மூர்த் தர்மகர்த்தாக்களோடு ஒப்பிட்டால் பிரிட்சர்ட் அதிகமாக ஒன்றும் செய்துவிடவில்லை என்றும் சொல்லலாம்.

1892-இல் லண்டனில் ஜோசப் ஜேக்கப்ஸ் என்பவர் கெல்டிய மக்களின் கதைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, கெலெர்ட்டின் கதையையும் சேர்த்து, அது கீரியின் வழித்தோன்றல் என்பதைக் குறிப்புரையில் எடுத்துக்காட்டினார். அதே 1892-இல் தான், உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சிட்டார். அதனுள்ளே, அடைக்கலக் காதையில், ஐரோப்பிய அறிஞர்களின் வம்சாவளியில் பெரும்பாலும் இடம்பெறாத கிளை ஒன்று இருக்கிறது.

மதுரையின் மதிலுக்கு வெளியே, தவத்தோர் வாழும் புறஞ்சேரியில் காப்பியத் தலைவனான கோவலன் தங்கியிருக்கிறான். பொதியிலை வலங்கொண்டு குமரித்துறையில் நீராடித் திரும்பும் மாடலன் என்னும் மறையவன் அவனைக் காண்கிறான். இவ்வளவு நல்லவனுக்கு இந்த வறுமை ஏன் வந்தது என்று வியந்து, புகாரில் அவன் செய்த தருமங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லுகிறான். அவற்றுள் ஒன்று இது: கீரியைக் கொன்றுவிட்ட பார்ப்பனி ஒருத்தியை, அவள் கையால் இனி உண்பது தகாது என்று கணவன் நீங்கி, வடதிசை நோக்கிப் புறப்பட்டான், போகும்போது வடமொழி வாசகம் எழுதிய ஏடு ஒன்றை அவளிடம் கொடுத்து, கடமை அறிந்தவர் எவரிடமேனும் இதைக் கொடு என்று சொல்லிப்போனான், அவள் வணிகர் வீதியில் மாடந்தோறும் அந்த ஏட்டைக் காட்டிக் கதறிக்கொண்டு நடந்தாள், கோவலன் அழைத்து, உற்றது என்ன, இந்த ஏடு யாது என்று கேட்டு, அவள் பாவம் தீரத் தானங்கள் செய்வித்து, போன கணவனையும் தேடிக் கூட்டிவைத்து, இருவரும் வாழப் பொருளும் கொடுத்தான்.

கொலை எப்படி நடந்தது என்பதைச் சிலப்பதிகாரம் பாடிய இளங்கோவடிகள் சொல்லவே இல்லை. பாம்பு இல்லை, தொட்டில் இல்லை, இரத்தம் தோய்ந்த வாய் இல்லை. கேட்பவர்களுக்கு அதெல்லாம் முன்பே தெரியும் என்று விட்டுவிட்டார். மற்ற நாட்டார் எல்லோரும் எங்கே கதையை முடித்தார்களோ அங்கே அவர் தொடங்குகிறார். பழி நேர்ந்துவிட்டது, இனி அதை என்ன செய்வது? பஞ்சதந்திர ஆசிரியர் விஷ்ணுசர்மர் அதை ஒரு நீதியோடு முடித்துவிட்டார். பிரான்ஸ் தேசத்துக் குடியானவர் கும்பிட்டனர். வேல்ஸ் விடுதிக்காரர் கல் நட்டார். புகாரில் ஒரு வணிகன் அந்தப் பழியைத் தன் செலவில் ஏற்றுக்கொண்டான். அவளுக்குப் புரியாத பாஷையிலே எழுதப்பட்ட தன் குற்றத்தைத் தானே கையில் ஏந்தி, அதைப் படித்தறியும் ஒருவனை நாடி, தெருத்தெருவாக அவள் நடந்தாள் என்று நான் வாசித்துக்கொள்கிறேன். புரியாத பாஷை என்பது என் ஊகம், இளங்கோவடிகள் வாக்கன்று.

மாடலன் இதைச் சொல்வது கோவலனிடம். சிந்துபாத் கதையிலும் ரோமாபுரிக் கதையிலும் அரசன் முன்னே, கொலைஞர் காத்துநிற்க, சரியான செவியில் சொல்லப்பட்ட அதே கதை, இங்கே கொல்லப்படப் போகிறவனுடைய காதில், அவனுக்கே புகழுரையாக விழுகிறது. கோவலனுடைய வறுமைக்கு மாடலன் சொல்லும் சமாதானம் முற்பிறப்பின் வினை என்பது. அந்த வினை யாதென்பதைப் பின்னால் மதுரையின் காவல்தெய்வமான மதுராபதி அவன் மனைவி கண்ணகிக்கு அறிவிக்கிறாள்: கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரோடு பிறந்திருந்த கோவலன், கபிலபுரத்து வணிகன் சங்கமனை ஒற்றன் என்று அரசனுக்குக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். அப்பொழுதும் ஒருவரும் ஆராயவில்லை.

மதுரை அரண்மனையில் அன்று என்ன நடந்தது என்பதையும் இளங்கோவடிகள் குறித்திருக்கிறார். ஆடல் மகளிரின் கூத்தில் பாண்டியன் மனம் போயிற்றென்று கோப்பெருந்தேவி ஊடினாள். தலைநோவு என்று சொல்லி அந்தப்புரம் சென்றுவிட்டாள். அவளைத் தேற்ற வேண்டி, அரசன் மந்திரச் சுற்றத்தை விட்டு நீங்கி, ஏவல் மகளிரோடு தேவியின் கோயிலை நோக்கி நடந்தான். அந்த வாயிலில்தான், கோவலனைக் கள்வனென்று காட்டிக்கொடுக்க வந்த பொற்கொல்லன் அவனை எதிர்ப்பட்டான்.